இரிகாரேயும் டெல்ஃபியும் ஒரே அணியா?

இல்லை, லூஸ் இரிகாரேயும் கிறிஸ்தீன் டெல்ஃபியும் எதிரெதிர் அணி. இருவரும் பிரெஞ்சுப் பெண்ணியவாதிகள்தானே, ஏன் முரண்படுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் படிப்பது பெண்ணியக் கட்டுரைகளின் அமெரிக்கத் தொகுப்பாக இருக்கலாம்; இருவரும் ஒரே அணி என்ற எண்ணம் அதிலிருந்து வந்திருக்கலாம். எலென் சிக்சு, ஜூலியா கிறிஸ்தேவா, இரிகாரே என்ற மூன்று எழுத்தாளர்களையும் சேர்த்து 'பிரெஞ்சுப் பெண்ணியம்' என்று அங்கேதான் பெயர் வைத்தார்கள். டெல்ஃபி 1995-இல் அந்தப் பெயரிடலைக் கடுமையாக மறுத்தார்.

ஒன்று செய்து பாருங்கள். ஆண்-பெண் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு இருவரையும் படியுங்கள். இரிகாரேக்கு அது மேலைத் தத்துவம் பேசவிடாமல் அமுக்கிய வேறுபாடு. டெல்ஃபிக்கோ, சுரண்டல்தான் அந்தப் பிரிவையே உண்டாக்குகிறது: பண்ணையில் மனைவி உழைப்பாள், கூலி கிடையாது, விளைச்சலை விற்ற காசு கணவனுக்கு.

அதற்காக, உடலே விதி என்கிறார் என்று இரிகாரேயைத் தள்ளிவிடாதீர்கள். 1974-இல் வந்த 'ஸ்பெகுலம்' நூலில் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டை அவர் வரிவரியாக மடக்குவதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.