தோல் டாக்டர் பதில்கள்: அரிக்காத தேமல்

கேள்வி: டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருக்கிறார். இடது முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்த படை, எட்டு மாதமாக இருக்கிறது. அரிப்பில்லை, வலியில்லை. மெடிக்கலில் கொடுத்த ஆயின்ட்மென்ட் ரெண்டு ட்யூப் தீர்ந்தும் போகவில்லை. “நம்ம ஊர் போர் தண்ணிக்கு வர்ற தேமல்தான், விடு” என்கிறார் மாமியார். போன வாரம் பால் குண்டான் அந்த இடத்தில் பட்டுக் கொப்புளம் வந்துவிட்டது. நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்: போகணும் அம்மா, இந்த வாரமே. முக்கியமான சேதியைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். சூடு பட்டது அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தண்ணீரை விட்டுவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குடித்தே வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், நாள்பட எலும்பும் மூட்டும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு தோலில் படை போடாது. போர் தண்ணீர் மேல் எத்தனை பழியைத்தான் போடுவது!

தேமல் என்பது பூஞ்சை. வேர்க்கிற நெஞ்சு, முதுகு, கழுத்தில் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் வரும். நகத்தால் சுரண்டினால் தவிடு மாதிரி உதிரும். வெண்புள்ளி என்றால் பால் வெள்ளையாக இருக்கும், உணர்ச்சியும் குறையாது, யாருக்கும் ஒட்டாது. உங்கள் வீட்டுக்காரரின் படை இரண்டிலும் சேரவில்லை. வெளுத்தோ சிவந்தோ, அரிக்காமல், உணர்ச்சி குறைந்த படை என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆகணும். இல்லை என்று தெரிந்தால் சந்தோஷம்.

பரிசோதனை ரொம்ப எளிது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பால்பாயின்ட் பேனா முனையால் லேசாகத் தொட்டு, “எங்க தொட்டேன், விரலால் காட்டுங்க” என்போம். நல்ல தோலில் டக்கென்று காட்டுகிறவர், படைமேல் தொட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பார், இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டு. வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். அடுத்து, முழங்கை எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். சுண்டு விரல் மரத்துப் போகிறதா, கால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறாரா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். ஆயின்ட்மென்ட் ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அந்த நோய்தான் என்றாலும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். படை ஐந்துக்குள் என்றால் பொதுவாக ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம். மாதம் ஒருமுறை விழுங்கும் மருந்தால் அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருந்து ஆரம்பித்தால் சீக்கிரமே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். கடையை மூடவும் வேண்டாம், தட்டு டம்ளரைத் தனியாக வைக்கவும் வேண்டாம். யாரிடமிருந்து வந்தது என்று ஆராயாதீர்கள். கிருமி உள்ளே போய்ப் படை தெரியவே சராசரியாக ஐந்து வருடம் ஆகும். வீட்டிலுள்ள எல்லோரையும் ஒரு தடவை பார்ப்பார்கள், மாமியாரையும் கூட்டிப் போங்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பு கெட்டு விரல் மடங்கிப் போனால், மாத்திரை கிருமியைக் கொல்லும், விரலை நிமிர்த்தாது.

கேள்வி: மாங்காய் சீசனில் கூலி வேலைக்குப் போகிறேன். மணிக்கட்டில் கருப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. பயப்படணுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். காம்பு ஒடிக்கும்போது பீச்சும் பால் தோலைச் சுட்ட தடம் அது. மங்கச் சில மாதம் ஆகும். முழுக்கைச் சட்டை போடுங்கள், பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எதுவும் படாமலே வந்த கரும்புள்ளி பெரிசாகிக்கொண்டே போனாலோ, ஓரம் கோணலானாலோ, ரத்தம் கசிந்தாலோ காட்டுங்கள். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

கேள்வி: பையனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். இன்று காலில் சிவப்புப் பொட்டுகள். வேர்க்குருவா?
– ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: அச்சில் வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை என்பதால் இவருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே. கண்ணாடி டம்ளரைப் பொட்டுமேல் அழுத்திப் பாருங்கள். மறையாமல் அப்படியே தெரிந்தால், தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. டெங்குவாக இருக்கலாம், வேறு கடுமையான தொற்றாகவும் இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியானாலும் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், ப்ரூஃபன் கூடாது.