கண்ணாடியில் ஒட்டிய கல்யாணப் படம்

கேள்வி: தாத்தா-பாட்டியின் கல்யாணப் படம், 1958-இல் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம். பழைய சட்டத்தைக் கழற்றினால், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டியின் கூறைப்புடவைத் துண்டை வைத்துப் புதுச் சட்டம் செய்து, அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. படத்தை எப்படிப் பிரிப்பது?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: பிரிக்கவே வேண்டாம். அந்தக் காலப் படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தாள் உங்கள் கையோடு வரும், முகங்கள் கண்ணாடியோடு நின்றுவிடும். ஊறவைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் விஷப்பரீட்சை. கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். சட்டத்துக்குள் போகவேண்டியது அந்த நகல்தான்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுக்கச் சொல்லுங்கள். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெலிந்த ஸ்கேனர்கள் பலவற்றில், இடையில் 2 மி.மீ. கண்ணாடி இருந்தாலே படம் மங்கும். அப்படி மங்கினால், ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவால் எடுங்கள். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. கடையில் ‘கலர் ஏற்றித் தருகிறோம்’ என்பார்கள். அதில் பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவதுண்டு. கை வைக்காத கோப்பு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நகலை 6×8 அங்குலத்தில் மேட் தாளில் அச்சிடுங்கள். அமிலமில்லாத மவுண்ட் போர்டை (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) 11×13 அங்குலத்துக்கு வெட்டி, நடுவில் 5¾×7¾ அங்குல ஜன்னல் திறந்தால் நாலு பக்கமும் 2⅝ அங்குலம் நிற்கும். புடவைத் துணி இந்த போர்டின்மேல்தான் வரவேண்டும். படமும் கண்ணாடியும் இனி ஒட்டாமல் காப்பதும் இந்த போர்டின் கனம்தான்.

துணி 13×15 அங்குலம் வேண்டும். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். துணி தாங்குமென்றால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். மைதாப் பசையும் அதே காரணத்தால் வேண்டாம். வெள்ளைப் பசையை போர்டில் மெலிதாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டுத் துணியைப் போடுங்கள். பசை கூடினால் பட்டில் கறை ஊறும், பிறகு போகாது. ஜன்னலுக்குள் துணியை மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் வெட்டி, மூலைக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்திப் பின்பக்கம் மடியுங்கள். முழுக்க வெட்டினால் மூலையில் போர்டு வெள்ளையாகத் தெரியும். பழைய ஜரிகை மடிப்பில் முறியும் என்பதால், கரையை ஜன்னல் விளிம்பில் மடிக்காமல் கீழ்ப்பட்டையில் படுக்க வையுங்கள்.

சட்டத்துக்கு 1 அங்குல அகல பீடிங் (சட்டம் செய்யும் பட்டை), கால் அங்குலக் காடி (கண்ணாடியும் போர்டும் உட்காரும் பள்ளம்) என்றால் 54 அங்குலம் தேவை. வெட்டுச் சேதாரம் சேர்த்து 6 அடி வாங்குங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது காடியின் ஆழம். கண்ணாடி 2 மி.மீ., துணி சுற்றிய போர்டு 2, படத்தைத் தாங்கும் பின்போர்டு 1½, கடைசியில் மூடும் ஹார்ட்போர்டு 3, ஆக மொத்தம் 8½. காடி 10 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். குறைந்தால் ஆணி பிடிக்காது, பின்பக்கம் புடைத்துக்கொள்ளும்.

படத்தைப் பின்போர்டில் காகித மூலைகளில் செருகுங்கள். பசையோ செலோடேப்போ கூடாது. இடமிருந்து வலமாகப் பெயர்கள், உறவுமுறை, ஊர், ஆண்டு எல்லாவற்றையும் பின்போர்டில் பென்சிலால் எழுதுங்கள். கடைக்காரர் பின்னால் செய்தித்தாள் அடைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும்.

அசலை கண்ணாடியோடு அமிலமில்லாத தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரியில் படுக்க வையுங்கள். பரண் வேண்டாம், சூடு அதிகம்.

மாட்டும்போது கீழ் மூலைகளில் கார்க் வில்லை ஒட்டினால் சுவர் ஈரம் ஏறாது. ஈரப் பூமாலை போடுவதாக இருந்தால் சட்டத்தின்மேல் வேண்டாம், சுவரில் தனி ஆணி அடித்துவிடுங்கள். மாலையில் சொட்டும் நீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்க்காடியில்தான் தேங்கும்.