இமையில் அழற்சி இருக்கும்போது கிராஸ் லிங்கிங் செய்யலாமா?

21 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்புபோலப் புடைப்பது) கூடிக்கொண்டே போகிறது. கிராஸ் லிங்கிங் (மெலிந்த கருவிழியை உறுதியாக்கி, நோய் கூடாமல் தடுக்கும் சிகிச்சை) செய்ய வேண்டும் என்ற டாக்டரே, இமை விளிம்பில் அழற்சி இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்குள் பார்வை இன்னும் கெட்டுவிடாதா?"

தள்ளிவைத்தது சரிதான். ஆனால் எவ்வளவு நாள் என்று சொல்லாமல் அனுப்பியிருந்தால், அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வழக்கமான முறையில் கருவிழியின் மேல்தோலை 8, 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு எடுத்துவிட்டு, ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதாக் கதிரைக் காட்டுவோம். அந்தத் தோல் மறுபடி மூடும்வரை, பெரும்பாலும் நான்கைந்து நாள், கருவிழி திறந்த புண்தான், அதன்மேல் புண்ணை மூடிக் காக்கும் பேண்டேஜ் லென்ஸ் ஒன்று வேறு இருக்கும். இமை விளிம்பில் கிருமி மண்டிக் கிடந்தால் ஒவ்வொரு சிமிட்டலிலும் அது புண்ணைத் தொடும். தொற்று வந்து நடுவில் தழும்பு விழுந்துவிட்டால், பார்வையைக் காக்கச் செய்த சிகிச்சையே பார்வையைக் கெடுத்துவிடும்.

அதனால் சில வாரங்கள் இமைக்குக் கொடுங்கள். தினமும் வெதுவெதுப்பான ஒத்தடம், பிறகு இமை விளிம்பைத் துடைப்பது, டாக்டர் எழுதித்தரும் களிம்பு, தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை (கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது). ஒன்று முக்கியம்: இமை எண்ணெய்ச் சுரப்பிகளை அழுத்தி மசாஜ் செய்யச் சொல்லும் பொதுவான அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர்கள், உங்கள் கருவிழி மெலிந்தது, கண்விழிமேல் அழுத்தம் படவே கூடாது.

அப்புறம் கசக்குவது. இமை அரித்தால் கை தானாகக் கண்ணுக்குப் போகும், கசக்கக் கசக்கக் கூம்பு கூடும். அரிப்புக்குத் தனியாகச் சொட்டு மருந்து கேளுங்கள், பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மேல் இமை ரப்பர்போலத் தளர்ந்து, லேசாக இழுத்தாலே புரண்டுகொள்கிறதா? குறட்டை உண்டா? எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறீர்களோ அந்தக் கண்தான் மோசமா? இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். தளர்ந்த இமையும் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பல நேரம் சேர்ந்தே வரும். இரவில் கண் கவசம் போட்டு மல்லாந்து படுப்பதைச் சிகிச்சைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கலாம். தூங்கும்போது கண் முழுதாக மூடாதவர்களுக்கும் அதை முதலில் கவனிக்க வேண்டும், காய்ந்த கண்ணில் தோல் மெதுவாகத்தான் மூடும்.

காத்திருக்கும் நாட்களில் டோப்போகிராஃபியை (கருவிழியின் வளைவைக் காட்டும் படம்) மறுபடி எடுத்து, அதே மெஷினில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வளைவு வேகமாகக் கூடுவது தெரிந்தால், இமை முழுதாகத் தெளியும்வரை பொறுக்காமல், ஓரளவு அடங்கியதுமே செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து, அதுவும் உங்கள் வயதில்.

சிகிச்சைக்குப் பிறகு முதல் இரண்டு நாள் வலி எதிர்பார்த்ததுதான். குறைய ஆரம்பித்த வலி திரும்பக் கூடினாலோ, பீளை வந்தாலோ, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.