நுழைவு வரியை மீட்கப் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. சிங்கப்பூர் நிரந்தரவாசி. ஓராண்டாக மாதம் இருமுறை அலுவலக நண்பர்கள் மூவருடன் சூதாட்டக்கூடத்துக்குப் போகிறேன். 500 வெள்ளி எடுத்துப்போய், 25 வெள்ளி பாக்கரா மேசையில் (‘பிளேயர்’, ‘பேங்கர்’ இரு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் வைக்கும் சீட்டாட்டம்) ‘பிளேயர்’ பக்கம் வைப்பேன். தோற்றால் அடுத்த கைக்கு (சுற்றுக்கு) இரட்டிப்பு. பல நாள் ஜெயித்திருக்கிறேன். போன மாதம் ஒரே மூச்சில் 1,575 வெள்ளி போய்விட்டது. அதில் 1,075 நண்பரிடம் வாங்கியது. மேசையின் உச்சவரம்பு 1,000 என்பதால் அதற்குமேல் இரட்டிக்கவும் முடியவில்லை. திரையில் வரும் சிவப்பு, நீல வட்டங்களை நான் சரியாகப் படிக்கவில்லையா? கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? பிளாக்ஜாக்குக்கு (சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் ஆட்டம்) மாறலாமா? மனைவியிடம் ‘நண்பர்களோடு சாப்பாடு’ என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். (பெயர் வேண்டாம், செங்காங்)

பதில்: 25, 50, 100, 200, 400, 800. கூட்டினால் 1,575. அதாவது ஆறு கை தொடர்ந்து தோற்றிருக்கிறீர்கள். கையிலிருந்த 500 முதல் நான்கு கைக்குத்தான் தாங்கியது. அதற்குள் 375 காலி. ஐந்தாவது கைக்கு 400 வேண்டும், மிச்சமிருந்ததோ 125. உங்கள் வரம்பு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஆடியது நண்பரின் சம்பளம்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சமன் வந்த கைகளை விட்டுவிட்டால், பாக்கராவில் பிளேயர் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50.7. ஆறு முறை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 59இல் ஒரு தடவை நடக்கும். மற்ற 58 தடவையும் உங்களுக்குக் கிடைப்பது தலா 25 வெள்ளி, மொத்தம் 1,450. அந்த 59ஆவது தடவை 1,575ஐக் கொண்டுபோகும். ‘பல நாள் ஜெயித்தேன்’ என்பது பொய்யில்லை, இரட்டிக்கும் இந்த உத்தி அப்படித்தான் ஆளைப் பிடித்துவைக்கும். உச்சவரம்பை 5,000 ஆக்கினாலும் பள்ளம் தள்ளிப்போகுமே தவிர, ஆழமும் சேர்ந்தே கூடும்.

வட்டங்களுக்கு வருவோம். சிவப்பு பேங்கர், நீலம் பிளேயர், பச்சை டை (சமன்). கூடமே அதைத் திரையில் போட்டுக் காட்டி, குறித்துக்கொள்ள அட்டையும் பேனாவும் தருகிறது. உதவுகிற தகவலாக இருந்தால் இலவசமாகத் தருவார்களா? ‘ஷூ’ என்கிற சீட்டுப் பெட்டியில் எட்டுக் கட்டு, 416 சீட்டுகள். போன கையில் யார் ஜெயித்தார்கள் என்பது அடுத்த கையின் வாய்ப்பைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றாது. நீளமாக ஒரே நிறம் வந்தால் ‘டிராகன்’ என்று கூட்டம் கூடும். பாதிப் பேர் அது தொடரும் என்று வைப்பார்கள், பாதிப் பேர் இனி முறியும் என்று வைப்பார்கள். இரு தரப்பிடமும் மேசை ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் வசூலிக்கிறது.

அந்த விகிதம் என்ன? பேங்கர் பக்கம் வைத்தால், 5 விழுக்காடு கமிஷன் போக, நூறு வெள்ளிக்குச் சராசரி 1.06 வெள்ளி நஷ்டம். பிளேயருக்கு 1.24. கமிஷன் இல்லாத மேசை என்றால் பேங்கர் 6 புள்ளியில் ஜெயிக்கும்போது பாதிதான் தருவார்கள். அதில் பேங்கரின் செலவு 1.46 ஆகிறது, கமிஷன் மேசையைவிட அதிகம். ஒன்றுக்கு எட்டு தருகிற டை பந்தயம் நூற்றுக்கு 14 வெள்ளிக்கு மேல் விழுங்கும். முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வரும் என்று வைக்கும் ஜோடிப் பந்தயமும் ஒன்றுக்குப் பதினொன்று என்று ஆசை காட்டிவிட்டு 10 வெள்ளியைத் தாண்டித் தின்னும். இந்த இரண்டு கட்டங்களிலும் கைவைக்காமல் இருப்பதே பாக்கராவில் ஒருவர் காட்டக்கூடிய திறமையில் பெரும்பங்கு.

இப்போது உங்கள் ஓர் இரவைக் கணக்குப் போடலாம். இரட்டிக்காமல் கைக்கு 25 வெள்ளி, மணிக்கு 70 கை, நான்கு மணி நேரம். மேசையில் புரள்வது 7,000 வெள்ளி. அதில் 1.24 விழுக்காடு, 87 வெள்ளி. இத்துடன் நிரந்தரவாசி என்பதால் நீங்கள் வாசலில் கட்டிய நுழைவு வரி 150 வெள்ளி. 2019இல் அதை 100இலிருந்து 150 ஆக்கினார்கள். உங்கள் பந்தய அளவில் மேசையைவிட வாசலே அதிகம் வாங்குகிறது! மொத்தம் ஏறத்தாழ 235. மாதம் இருமுறை என்றால் 470, ஆண்டுக்கு 5,600க்கு மேல். இது சராசரி மட்டுமே. ஓர் இரவில் 400 கூடவோ குறையவோ போவது சாதாரணம். 500 வெள்ளியோடு உட்கார்ந்தால் சுமார் நான்கில் ஓர் இரவு, நேரம் முடியுமுன்பே பணம் தீர்ந்துவிடும். நுழைவு வரியையும் கழித்து உண்மையான லாபத்தோடு வெளியே வருவதும் அதே போல ஏறக்குறைய நான்கில் ஓர் இரவுதான்.

பெரும்பாலோர் சறுக்குவது அந்த 150இல்தான். ‘கட்டியதையாவது எடுத்துவிட்டுப் போகலாம்’ என்று இன்னொரு மணி நேரம் உட்காருவார்கள், அல்லது 25ஐ 50 ஆக்குவார்கள். கட்டிய வரி 24 மணி நேரம் செல்லும் என்பதால் விடியும் வரை இருப்பவர்களும் உண்டு. வாசலைத் தாண்டியதும் அது செலவான பணம். சினிமா டிக்கெட்டைத் திரையரங்கிலிருந்து யாரும் திரும்ப வசூலிப்பதில்லை. ஆண்டு முழுவதற்குமான வரியாக 3,000 கட்டிவிடலாமா என்று யோசித்திருந்தால், 20 முறைக்குமேல் போனால்தான் அது கட்டுப்படியாகும். கட்டியபின் ஒவ்வொரு தடவையும் ‘இலவசம்’ என்று தோன்றுவது அதன் தனி ஆபத்து.

எவ்வளவு எடுத்துப்போகலாம் என்பதைப் பின்னாலிருந்து பாருங்கள். வாடகை அல்லது வீட்டுக்கடன், ஊருக்கு அனுப்புவது, சேமிப்பு எல்லாம் ஒதுக்கியபின், மொத்தமும் போனாலும் அடுத்த சம்பளம் வரை எந்தக் கட்டணமும் தள்ளிப்போகாத தொகை எது? அதிலிருந்து 150ஐக் கழியுங்கள். மிச்சத்தை 20ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் கை ஒன்றுக்கான பந்தயம். 30ஆல் வகுத்தால் இன்னும் நிம்மதி. 500க்கு 25 சரியான அளவு, ஆனால் இரட்டிக்காமல். வகுத்து வருகிற தொகை மேசையின் குறைந்தபட்சத்தைவிடச் சிறியது என்றால் அந்த மேசை உங்களுடையதல்ல. வார இறுதி இரவில் கூட்டத்தைப் பார்த்துக் குறைந்தபட்சத்தை உயர்த்துவதும் உண்டு. உட்காருமுன் மேசைமேல் இருக்கும் பலகையைப் படியுங்கள்.

ரொக்கமாக எடுத்துப்போங்கள், வங்கி அட்டை வீட்டிலேயே இருக்கட்டும். கூடத்துக்குள் ஏடிஎம் இல்லை, ஆனால் வெளியே கொஞ்ச தூரம் நடந்தால் இருக்கிறது. அந்த நடையில்தான் வரம்புகள் உடைகின்றன. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், ஒரு லட்சம் வெள்ளி வைப்புக் கட்டுகிற பெரும்புள்ளிகளைத் தவிர, கூடம் கடன் தரக்கூடாது என்பது சட்டம். கூடமே கொடுக்கக்கூடாத கடனை நண்பர் ஏன் கொடுக்க வேண்டும்? நான்கு பேரும் கிளம்புமுன்பே பேசிக்கொள்ளுங்கள்: உள்ளே யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. நண்பரிடம் கேட்க வெட்கப்படும் நாளில்தான் ‘ஆலோங்’ (சட்டவிரோத வட்டிக்காரர்) நம்பர் தேடத் தோன்றும். உள்ளே கைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஷூ மாறும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். ஜெயித்தால் சில்லுகளைப் பெரிய மதிப்புக்கு மாற்றிச் சட்டைப்பையில் போடுங்கள், மேசைக்குத் திரும்ப வேண்டாம். இதெல்லாம் வாய்ப்பை மாற்றாது. புரளும் தொகையைக் குறைக்கும், அவ்வளவே.

பிளாக்ஜாக்? படித்துவிட்டுப் போனால் மலிவு, படிக்காமல் போனால் பாக்கராவைவிடச் செலவு. நல்ல விதிகளில், எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் அடிப்படை அட்டவணைப்படி பிசகாமல் ஆடினால் நூற்றுக்கு அரை வெள்ளி அளவில் நிற்கும். மனம்போனபடி ஆடினால் 2 வெள்ளியைத் தாண்டும். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வருவதையும் ‘பிளாக்ஜாக்’ என்பார்கள். அதற்குப் பலகையில் ‘3க்கு 2’ என்று இருக்கிறதா முதலில் பாருங்கள். 25 வெள்ளிக்கு அது 37.50 தரும், ‘6க்கு 5’ மேசை 30தான் தரும். ஏறக்குறைய 21 கைக்கு ஒரு பிளாக்ஜாக் வரும் என்பதால், மணிக்கு 60 கை ஆடினால் இந்த ஒரு வித்தியாசமே மணிக்குச் சுமார் 20 வெள்ளி. டீலர் ஏஸ் காட்டியதும் ‘இன்ஷூரன்ஸ்’ (டீலருக்குப் பிளாக்ஜாக் வரும் என்று வைக்கும் பக்கப் பந்தயம்) வேண்டுமா என்று கேட்பார்கள். அது லாபமாக மூன்றில் ஒரு தடவையாவது பத்து மதிப்புள்ள சீட்டு வரவேண்டும். வருவது 13இல் 4 தடவை. மறுத்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குவோர் அதிகம் தடுமாறுவது கூட்டுத்தொகை 16இல். டீலர் 2 முதல் 6 வரை காட்டினால் சீட்டு வாங்காமல் நில்லுங்கள், 7 அல்லது மேல் காட்டினால் சீட்டு வாங்குங்கள். வயிறு கலங்கத்தான் செய்யும், ஆனால் நின்றால் இன்னும் அதிகம் தோற்பீர்கள். டீலர் இரண்டாம் சீட்டைக் கடைசியில் எடுக்கும் மேசையில், அவருக்குப் பிளாக்ஜாக் வந்தால் கையின் நடுவே நீங்கள் இரட்டித்த தொகையும் போகுமா, முதலில் வைத்தது மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டித்ததும் போகும் என்றால் டீலரின் 10, ஏஸுக்கு எதிரே 11இல் இரட்டிக்க வேண்டாம்.

இவ்வளவும் வரம்புக்குள் ஆடுகிறவருக்கு. உங்கள் கடிதத்தில் 1,575ஐவிட உறுத்துவது ‘சாப்பாடு’ என்ற சொல்தான். கடன் வாங்கி ஆடியதும், வீட்டில் மறைப்பதும், போனதை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இந்த மூன்றும் சேரும்போது பந்தய அளவைப் பற்றிப் பேசுவது போதாது. மனைவியிடம் தொகையோடு சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியை விழுங்க வேண்டாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம், மாதத்தில் எத்தனை முறை உள்ளே போகலாம் என்ற வருகை வரம்பை நீங்களே விண்ணப்பித்து வைக்கலாம். அதற்கும் கட்டுப்பட முடியாது என்று தோன்றினால் சுயவிலக்கு (என்னை உள்ளே விடாதீர்கள் என்று நீங்களே பதிந்துகொள்வது) இருக்கிறது. ஓராண்டு முடியுமுன் அதை நீக்கச் சொல்ல முடியாது. அதன் பலமே அதுதான். பேச வேண்டுமானால் உதவி எண் 1800-6-668-668.

நண்பரின் 1,075 தீரும் வரை போகாதீர்கள். இரண்டு இரவுக்குச் சராசரியாக ஆகும் 470ஐ மாதந்தோறும் அவருக்குக் கொடுத்தால் மூன்றாவது மாதத்தில் கணக்கு முடியும்.