கையெழுத்துக் கேட்டால் அவசரப்படாதீர்கள்

கேள்வி: அக்கா, நான் ஒரு மென்பொருள் கம்பனியில் சோதனைப் பிரிவில் ஆறு வருடம் முடித்தவள். சம்பளம் 180,000 ரூபா. போன வாரம் எச்ஆர் கூப்பிட்டு, அமெரிக்கத் தலைமையகம் ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டது, உங்கள் இடம் இனி இல்லை என்றார்கள். நானே விலகுவதாக ஒரு கடிதமும் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ‘எல்லாக் கொடுப்பனவும் உட்பட’ மூன்று மாதச் சம்பளம் தருவார்களாம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வருட மதிப்பீட்டில் எனக்கு நல்ல புள்ளி. எனக்குப் பிறகு வந்து, நானே வேலை பழக்கிய தம்பியை வைத்துக்கொண்டார்கள். அவர் மனேஜரோடு கிரிக்கெட் விளையாடுகிறவர். இது நியாயமா? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: நியாயமில்லை, தங்கச்சி. ஆனால் அந்தத் தம்பியை ஏன் வைத்தார்கள், உங்களை ஏன் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்பதற்கு உண்மையான பதில் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. நான் கோட்டையில் ஒரு கம்பனியின் ஆளணிப் பிரிவில் இருந்தவள். இப்படிப் பட்டியல் போடுகிற விதம் எனக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து எண்ணிக்கைதான் வரும். சம்பளம் கூடியவர், மனேஜரோடு ஒட்டாதவர், எதிர்த்துக் கதைக்க மாட்டார் என்று நம்பக்கூடியவர் என்று பார்த்துப் பெயர்களை இங்கேதான் நிரப்புவார்கள். அதனால் மதிப்பீட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே பிழை விட்டேன் என்று இரவிரவாகத் தேடாதீர்கள்.

என்னைக் கோபப்படுத்துவது அந்த விலகல் கடிதம்.

2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அமெரிக்காவில் பலருக்குக் காலையில் கணினி திறக்காமல் போன பிறகுதான் வேலை போனதே தெரிந்தது. அங்கே அநேகமான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே ஒருவரை நிறுத்தலாம். அந்தப் பழக்கத்திலேயே இங்கேயும் கட்டளை வருகிறது. இலங்கையில் சட்டம் வேறு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் 180 நாள் சேவை உள்ள ஒருவரை, ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஏசி அறையில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கும் இதே சட்டம்தான். தொழிற்சட்டம் தோட்டத்துக்கும் ஃபக்டரிக்கும் மட்டும் என்று படித்த பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஆணையாளரிடம் போனால் கம்பனி கணக்கு வழக்கைக் காட்ட வேண்டும், ஆளைக் குறைக்கத்தான் வேண்டுமா என்று விளக்கம் சொல்ல வேண்டும், காலமும் இழுபடும். உங்கள் கையெழுத்துக் கிடைத்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் அந்த அறையில் எல்லாம் தயாராக இருக்கும். கடிதத்தின் மேல் பேனா மூடி கழற்றியபடி கிடக்கும், எட்டுகிற தூரத்தில் டிஷ்யூ பெட்டி இருக்கும். கண்ணாடிச் சுவர் என்பதால் அழவும் கூச்சம், வாதாடவும் கூச்சம். கெதியாகப் போட்டுக்கொடுத்துவிட்டு வெளியே போனால் போதும் என்று ஆகிவிடும். நீங்கள் போடாமல் வந்தது நல்ல காரியம்.

இனிக் காசுக் கணக்கைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு ஆறு வருடத்துக்கு 540,000 ரூபா. அவர்கள் தருவதாகச் சொல்லும் மூன்று மாதச் சம்பளம் எவ்வளவு? அதுவும் 540,000. ‘எல்லாக் கொடுப்பனவும் உட்பட’ என்ற வரியை இப்போது இன்னொரு முறை வாசியுங்கள். நீங்களாக விலகிப் போனாலும் தந்தே ஆக வேண்டிய காசைத்தான் ஏதோ சலுகை போல நீட்டுகிறார்கள்.

கம்பனி ஆணையாளரிடம் போனால் பார்க்கிற, தொழில் திணைக்களத்தின் நட்டஈட்டுக் கணக்கு வேறு. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது வருடத்துக்கு இரண்டு மாதம். மொத்தம் பதினாலரை மாதச் சம்பளம், அதாவது 2,610,000 ரூபா. 2021இல் உயர்த்திய உச்ச வரம்பு 25 இலட்சம் என்பதால் உங்கள் கணக்கு அங்கே நிற்கும். பணிக்கொடை இதற்குப் புறம்பு. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் உங்கள் பெயரில் உள்ள காசு, அதைப் பேரத்துக்குள் கொண்டுவர யாருக்கும் உரிமையில்லை.

சம்மதித்துப் போவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொரு வேலை கையில் இருந்தால் வழக்கு விசாரணை என்று அலையாமல் போக நினைப்பது உங்கள் விருப்பம். ஆனால் இந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். கணக்கைப் பிரித்து எழுத்தில் தரச் சொல்லி இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மதிப்பீட்டுத் தாள் எல்லாவற்றின் பிரதியும் வீட்டில் இருக்கட்டும். லப்டொப்பைக் கேட்டு வாங்கிவிட்டால் பிறகு எதையும் எடுக்க முடியாது. கம்பனியின் மென்பொருள், வாடிக்கையாளர் கோப்பு எதையும் தொடாதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் குற்றம் சுமத்தலாம். சம்மதம் இல்லாமலே நிறுத்தினால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் செயலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு, நாள் கடத்தாதீர்கள்.

அம்மாவுக்கு இன்றிரவே சொல்லுங்கள். வேலைக்குப் போவது போலக் காலையில் வெளிக்கிட்டுக் காலி வீதியில் நடந்து திரிகிற நிலைமைக்குப் போய்விடாதீர்கள். தெரிந்தவர் யாராவது அவரிடம் சொல்லி அவர் அறிவது உங்கள் இருவருக்கும் கூடுதல் வலி.

கேள்வி: என் பக்கத்து மேசை நண்பனை நிறுத்திவிட்டார்கள், எனக்கு வேலை இருக்கிறது. அவனுக்குப் போன் எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்வது?
— ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: போன் வேண்டாம் தம்பி, நேரே போங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருடைய வேலையை இப்போது உங்களிடம் தந்திருக்கிறார்களா? அப்படியென்றால் எந்தத் திகதியில், எந்த வேலை, யார் தந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த வேலையே இனி இல்லை, அதனால்தான் ஆளை நிறுத்தினோம் என்று கம்பனி விசாரணையில் சொன்னால், உங்கள் கொப்பி அவருக்கு உதவும். அதைத் தர நீங்கள் தயார் என்பதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.