மன்னிப்பு வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு

பழைய கடனை ஏமாற்றின சபைச் சகோதரர் புதுக் கடனுக்கு உங்களிடமே ஜாமீன் கேட்கிறார், பாஸ்டரும் 'ஏழெழுபது தரம் மன்னி' என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மத்தேயு 18:22. அதற்குச் சற்று மேலே 15 முதல் 17 வரை பாஸ்டரை வாசிக்கச் சொல்லுங்கள்: தனியே பேசு, கேட்காவிட்டால் சாட்சியோடு போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். லூக்கா 17:3-லும் முதலில் கடிந்துகொள்வது, அவன் மனஸ்தாபப்பட்டால்தான் மன்னிப்பு. வரி வசூலித்த சகேயுவும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். இவர் அசலில் ஒரு ரூபாயாவது தந்தாரா?

கசப்பை விட்டுவிடுங்கள், அது உங்களுக்கே நல்லது. பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்வதும் உங்கள் இஷ்டம். ஜாமீன் மட்டும் வேண்டாம். நீதிமொழிகள் 22:26-ஏ அதைத் தடுக்கிறது. அவர் தவணை கட்டாவிட்டால் வங்கி நேராக உங்களிடமே வசூலிக்கலாம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு.