ஐம்பதாவது நாளில் நின்றுபோகும் கருவி: எம்பெடட் கேள்வி பதில்

கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். மின்தூக்கி, ஏர்கான், வாசல் கதவின் டிஜிட்டல் பூட்டு, காரில் மாட்டியிருக்கும், சாலைக் கட்டணம் கழிக்கும் இஆர்பி பெட்டி என்று நாம் தினமும் தொடும் பொருள்கள் பலவற்றுக்குள் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஓடும் நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, எழுதுகிறவர்களும் எழுதக் கற்கிறவர்களும் நம் வாசகர்களில் இத்தனை பேர் இருப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கிறேன். வகுப்பில் சி மொழி நடத்துகிறார்கள். வெளியே எல்லாரும் ரஸ்ட், ரஸ்ட் என்கிறார்கள். சியை விட்டுவிட்டு நேராக ரஸ்டுக்குப் போய்விடலாமா அண்ணா? (ஈசூன் வாசகர்)

வேண்டாம் தம்பி. முதலில் சியை ஒழுங்காகக் கற்றுக்கொள், அப்புறம் ரஸ்டுக்குப் போ. அந்த வரிசையில் போனால்தான் ரஸ்ட் ஏன் அவ்வளவு கெடுபிடி செய்கிறது என்பது உனக்குப் புரியும். சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இன்றைக்கும் சிப் கம்பெனிகள் தரும் லைப்ரரிகளும் மாதிரி நிரல்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்ததும் உன் மேசைக்கு வருவது யாரோ பல வருடங்களுக்கு முன் எழுதிவைத்த சி நிரலாகத்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் ரஸ்ட் தெரிந்தும் பயனில்லை.

அதற்காக ரஸ்டை வெறும் மோஸ்தர் என்று ஒதுக்கிவிடாதே. தங்கள் மென்பொருளில் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று 2019இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. மறு வருடம் கூகுளின் குரோம் குழுவும் கடுமையான ஓட்டைகளைப் பற்றி ஏறக்குறைய அதே கணக்கைத்தான் சொன்னது. விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் தவறை ரஸ்ட் கம்பைல் செய்யும்போதே, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, மறித்துவிடும். அர்ரே என்னும் தரவு வரிசையின் எல்லை தாண்டிப் போனால், ஓடும்போது அங்கேயே நிறுத்திவிடும். 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 கெர்னல் ரஸ்டுக்கு இடம் கொடுத்தது. 2023இல் ஃபெரோசீன் என்ற ரஸ்ட் கம்பைலர், கார்களுக்கான ஐஎஸ்ஓ 26262 பாதுகாப்புத் தரத்தின்படி சான்று வாங்கியது. ஆகவே கல்லூரியை முடிப்பதற்குள் ஒரு சிறிய புராஜெக்டையாவது ரஸ்டில் செய்து பார்த்துவிடு.

இப்போதைக்கு உன் நேரத்தை எதில் போடலாம் என்றால், இன்டரப்ட். ஓடும் நிரலை இடைநிறுத்தி அவசர வேலையைச் செய்துவிட்டுத் திரும்பும் ஏற்பாடு அது. ஒரு 8 பிட் சிப்பில் 16 பிட் எண்ணி (கவுன்ட்டர்) ஒன்று இருக்கிறது, அதை இன்டரப்ட் கூட்டிக்கொண்டே போகிறது, உன் முதன்மை நிரல் அதைப் படிக்கிறது என்று வைத்துக்கொள். அந்தச் சிப்பால் ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் படிக்க முடியும். எண்ணி 255இல் இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்தாயிற்று, 255. அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்து எண்ணியை 256 ஆக்கிவிட்டது. இப்போது மேல் பைட்டைப் படித்தால் 1. இரண்டையும் சேர்த்தால் உன் நிரலுக்குக் கிடைப்பது 511, அந்த நேரத்தில் எண்ணியில் இல்லவே இல்லாத எண். எண்ணியை வோலடைல் (எப்போது வேண்டுமானாலும் மாறலாம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி) என்று அறிவித்தாலும் இது தீராது. படிக்கும் அந்தச் சிறு நேரத்துக்கு இன்டரப்டை நிறுத்திவைக்க வேண்டும். பத்தாயிரம் முறை சரியாக ஓடிவிட்டு ஒரு முறை மட்டும் தவறும் இந்த வகைப் பிழையைப் பிடிக்கக் கற்றவனுக்கு எந்த மொழியும் பிறகு கஷ்டமாக இராது.

கேள்வி: எங்கள் கம்பெனி கிடங்குகளுக்கு ஈரப்பத அளவி செய்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அளவை அனுப்பும். வாடிக்கையாளர் இடத்தில் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடினால், திடீரென்று ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தகவல்களைக் கொட்டிவிட்டு நின்றுபோகிறது. பவரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. எங்கள் சோதனை மேசையில் இதுவரை ஒரு தடவைகூட வரவில்லை. (காக்கி புக்கிட் வாசகர்)

நோய் என்ன என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. மில்லிவினாடியை 32 பிட்டில் எண்ணினால் 4,294,967,295 வரை போய் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதற்கு ஆகும் காலம் 49 நாள் 17 மணி நேரம் சொச்சம். உங்கள் நிரலில் “அடுத்த நேரம் = இப்போது + 60,000” என்று கணக்கிட்டு வைத்துக்கொண்டு, “இப்போது, அடுத்த நேரத்தைவிடப் பெரிதா?” என்று கேட்கும் வரி எங்கோ இருக்கும், தேடிப் பாருங்கள். எண்ணி உச்சத்தை நெருங்கும் கடைசி நிமிடத்தில் அந்தக் கூட்டல் வழிந்து “அடுத்த நேரம்” சின்ன எண்ணாகிவிடுகிறது. “இப்போது” இன்னும் உச்சத்தில்தான் நிற்கிறது, ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் நிபந்தனை உண்மை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தகவல். எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பினால் இந்த வெள்ளம் தானே அடங்கியிருக்கும். ஆனால் அதற்குள் அனுப்பும் வரிசை நிரம்பி வைஃபை பகுதியோ மோடமோ மடங்கிவிட்டது, அதனால்தான் உங்கள் கருவி எழுந்திருக்கவில்லை.

மருந்து ஒரே வரி. “இப்போது − கடைசியாக அனுப்பியது” என்ற கழித்தலைச் செய்து, விடை 60,000க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக அனுப்பியது 4,294,967,290, இப்போது 4 என்றால், குறியற்ற 32 பிட் கழித்தலில் விடை 10 என்று சரியாகவே வரும். அந்தக் கழித்தலையே 64 பிட்டிலோ ஃப்ளோட்டிலோ (தசம எண்) செய்தால் மட்டும் கெட்டுவிடும், அதை ரிவியூவில் கவனியுங்கள்.

சோதனை மேசையில் வராததற்குக் காரணம், அங்கே யாரும் ஐம்பது நாள் காத்திருப்பதில்லை என்பதுதான். காத்திருக்கவும் வேண்டாம். கருவி பூட் ஆகும்போது எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்காமல், வழிவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும் எண்ணில் தொடங்கிவிடுங்கள். லினக்ஸ் கெர்னல் இதைத்தான் செய்கிறது, அதன் ஜிஃபிஸ் எண்ணி பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் வேண்டுமென்றே வழியும்படி வைத்திருக்கிறார்கள். விமானத்திலேயே இந்தப் பிழை வந்திருக்கிறது. போயிங் 787 விமானத்துக்கு 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் அதன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு எண்ணி வழிந்துவிடும், ஆகவே இடையிடையே மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவே போட்டது. நூறில் ஒரு வினாடியை 31 பிட்டில் எண்ணிப் பாருங்கள், அந்த 248 நாள் அப்படியே வரும்.

ஏற்கனவே விற்ற கருவிகளுக்குப் புதிய ஃபர்ம்வேர் போகும்வரை, நாற்பதாவது நாளில் நள்ளிரவில் தானாக ரீசெட் ஆகும்படி வாடிக்கையாளரிடம் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். சொல்லாமல் செய்யாதீர்கள்.

கேள்வி: சின்ன கருவிக்கெல்லாம் ஆர்டிஓஎஸ் (பல வேலைகளை நேரம் தவறாமல் பங்கிட்டு ஓட்டும் சிறு இயங்குதளம்) வேண்டுமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

ஒரு சென்சாரைப் படித்து ஒரு ரிலேயை இயக்கும் கருவி என்றால் வேண்டாம், ஒரு சுற்றும் இரண்டு இன்டரப்டும் போதும். நெட்வொர்க், திரை, மோட்டார் என்று மூன்று வேலை மூன்று வேகத்தில் ஓட வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த ஃப்ரீஆர்டிஓஎஸ் கற்க எளிது. லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் 2016இல் தொடங்கிய ஸெஃபிர் கற்கக் கொஞ்சம் கனம்தான், ஆனால் புளூடூத், நெட்வொர்க், அப்டேட் எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும், சிப் மாறினாலும் நிரல் பெரும்பாலும் தப்பிக்கும்.

ஆனால் டாஸ்க்குகளுக்கு (தனித்தனியாக ஓடும் வேலைகளுக்கு) முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியதும் செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1997 ஜூலை 4 அன்று தரையிறங்கிய அந்தக் கலம் சில நாளில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த டாஸ்க் ஒரு மியூடெக்ஸை (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடவிடும் பூட்டை) பிடித்துக்கொண்டிருக்க, அதற்காக உயர்ந்த டாஸ்க் காத்துக்கொண்டிருக்க, நடுவில் இருந்த வேறொரு டாஸ்க் புகுந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்துவிட்டது. உயர்ந்த டாஸ்க் நேரத்துக்கு முடியாததைக் கண்டுதான் கலம் ரீசெட் ஆனது. பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த டாஸ்க்குக்குத் தற்காலிகமாக உயர்ந்த முன்னுரிமை கொடுக்கும் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்ற அமைப்பை அந்த மியூடெக்ஸுக்குப் பூமியிலிருந்தே ஆன் செய்து சரிசெய்தார்கள். அப்படிச் செய்ய முடிந்ததே, பிழை தேட உதவும் டிபக் வசதிகளைக் கலத்தை ஏவும் முன் கழற்றிவிடாமல் விட்டிருந்ததால்தான். உங்கள் கருவியிலும் அப்படி ஒரு வழி விட்டுவையுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஊபியில் ஸ்மார்ட் பிளக் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். பாதுகாப்பு லேபிள், ஓடிஏ அப்டேட் (கேபிள் இல்லாமல் நெட்வொர்க் வழியே ஃபர்ம்வேரை மாற்றுவது) இதெல்லாம் முதல் தயாரிப்பிலேயே வேண்டுமா? பிறகு பார்த்துக்கொள்ளலாமா? (ஊபி வாசகர்)

ஓடிஏ முதல் நாளிலேயே வேண்டும், இதில் இரண்டு பேச்சு இல்லை. பிளக் யாரோ ஒருவர் வீட்டுச் சோபாவின் பின்னால் போய்விட்டால் அதில் கேபிளைச் சொருக யாரும் உங்களை அழைக்கப்போவதில்லை.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய லேபிள் திட்டத்தில் நான்கு நிலைகள் உண்டு. வைஃபை ரவுட்டருக்கு முதல் நிலையை 2021இல் கட்டாயமாக்கினார்கள். பிளக்குக்கு நீங்களாக விரும்பி எடுத்துக்கொள்ளலாம். முதல் நிலை கேட்பது அடிப்படைதான்: ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி பாஸ்வேர்டு, அப்டேட் தரும் ஏற்பாடு. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்ததால்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. ஐரோப்பாவுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் அங்கே சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது, முக்கியமான கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. இப்போது டிசைன் செய்யும் பொருள் அன்றைக்கும் கடையில் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிஏ செய்யும் முறையைப் பற்றி ஒன்றே ஒன்று. ஃபிளாஷ் நினைவகத்தில் ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது இன்னொரு இடத்தில் இறங்கட்டும். பூட்லோடர் (கருவி எழும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதற்கு மாற வேண்டும். மாறிய புதிய ஃபர்ம்வேர் சர்வரைத் தொட்டுப் பேசி “நான் நலம்” என்று குறித்துவைக்க வேண்டும். அதற்குள் வாட்ச்டாக் (நிரல் உறைந்துபோனால் கருவியை மறுபடி தொடங்கவைக்கும் காவல் டைமர்) கருவியை ரீசெட் செய்தால் பூட்லோடர் பழையதற்கே திரும்பிவிடும். எம்சியூபூட் என்ற திறந்த மூல பூட்லோடர் இதையெல்லாம் செய்கிறது, நீங்களாக எழுத உட்காராதீர்கள். சோதனை செய்யும்போது அப்டேட் பாதி இறங்கும் நேரம் பார்த்துச் சுவிட்சை அணையுங்கள், வெவ்வேறு இடங்களில், பல முறை. ஒவ்வொரு முறையும் கருவி உயிரோடு எழுந்தால்தான் விற்பனைக்கு அனுப்பலாம்.

கேள்வி: மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். எல்லா நிரலையும் ஏஐ எழுதிவிடும் என்கிறார்களே, படிக்க வைக்கலாமா? (செங்காங் வாசகி)

தாராளமாகப் படிக்க வையுங்கள் சகோதரி. ஏஐ நிரல் எழுதுகிறது, அது உண்மை. கணினியிலேயே ஓடும் யூனிட் டெஸ்ட், லாக் அலசும் ஸ்கிரிப்ட் போன்றவற்றுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் ஒரே குடும்பத்து இரண்டு சிப்புகளைக் குழப்பி, இல்லாத ரெஜிஸ்டருக்கு (சிப்பைக் கட்டுப்படுத்தும் நினைவிடத்துக்கு) பெயர் வைத்து, தயங்காமல் எழுதிக் கொடுத்துவிடும். அது கம்பைல்கூட ஆகிவிடலாம், மோட்டார் மட்டும் சுற்றாது. அப்போது சிப்பின் டேட்டாஷீட்டையும் அதன் பிழைப்பட்டியலான எர்ராட்டாவையும் விரித்து வைத்து, மின் அலைவடிவத்தை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உங்கள் மகள் அந்த ஆளாக இருக்கட்டும். கூடவே, மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே ஏஐ ஓடும் வேலையும் வளர்ந்துவருகிறது. 32 பிட் ஃப்ளோட் எண்களை 8 பிட்டாகச் சுருக்கினால் மாடல் கால் பங்காகிவிடும், அதை ஒரு சின்னச் சிப்பில் வைத்து கம்ப்ரெஸரின் அதிர்வு மாறுகிறதா என்று கண்காணிக்கலாம்.

கேள்வி: வீட்டிலேயே பழக என்ன வாங்கலாம்? (தெம்பனிஸ் வாசகர்)

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் உங்கள் நிரல், இன்னொன்றை அதில் பிழை தேடும் டிபக்கராக்கிவிடலாம், அதற்கான ஃபர்ம்வேர் இலவசம். 2021இல் முதல் பிக்கோ வந்தபோதே விலை 4 அமெரிக்க வெள்ளிதான். கூடவே எட்டுச் சேனல் உள்ள மலிவான லாஜிக் அனலைசர் ஒன்று, கம்பிகளில் ஓடும் 0, 1 சமிக்ஞைகளைப் பதிவு செய்யும் கருவி அது. பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் போட்டால், உங்கள் நிரல் முகவரி சொல்லிக் கூப்பிட்டதற்குச் சென்சார் பதில் சொன்னதா இல்லையா என்பது பிட் பிட்டாகத் தெரியும். சிம் லிம் டவரில் தேடிப் பாருங்கள், எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில் அல்ல. பார்ட் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறொன்றை எடுத்து வைத்துவிடுவார்கள்.